நெரெய்தாவின் எண்ணெய்ச் சட்டி

சான் பெட்ரோவில் ஒருவன் தோளில் பேஸ்பால் மட்டையைச் சாய்த்துக்கொண்டு தெருவில் நடந்தால் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்காது. மட்டை இல்லாமல் நடந்தால்தான் உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, கடல் தாண்டி வடக்கே போய், பெரிய லீக்கில், பந்தை மதிலுக்கு வெளியே அனுப்புகிற ஹோம் ரன்னை நானூற்றுச் சொச்சம் தடவை அடித்தவன் அன்செல்மோ பெரிகேத்தே. கரும்பாலையில் கரும்பை நசுக்கிச் சக்கையாகத் துப்புகிற இயந்திரத்தின் பெயரை அவனுக்கு வைத்திருந்தார்கள்: த்ராபிச்சே. அவன் மட்டையில் பட்ட பந்திலும் சாறு மிஞ்சாது என்பது அர்த்தம். பனி கொட்டுகிற நகரங்களில் அவன் படத்தை நாலு மாடி உயரத்துக்குச் சுவரில் வரைந்து வைத்திருந்தார்கள். அவன் அடித்த பந்து ஒன்று ஒரு கார்க் கண்ணாடியை உடைக்க, அந்தக் காரின் சொந்தக்காரர் கண்ணாடியை மாற்றாமலே வண்டி ஓட்டிக்கொண்டு பெருமை அடித்துத் திரிந்தாராம்.

எல்லாம் சரி. சொந்த ஊர் மைதானத்தில் மட்டும் அவன் ஒரே ஒரு ஹோம் ரன்கூட அடித்ததில்லை.

இதை ஊரில் யாரும் மறக்கவில்லை. மறந்தாலும் முடிதிருத்தும் எவரிஸ்தோ மறக்க விடமாட்டான். ஆட்டக்காரன் ஓடித் தொட வேண்டிய நாலு தளத்தில் முதல் தளத்துக்குப் பின்னால், கம்பி வலையை ஒட்டிய இருக்கை அவனுடையது. கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அன்செல்மோ பதினெட்டு வயதில் ஊர் அணிக்காக ஒரு டிசம்பர் மாதம் முழுக்க ஆடினான். ஆடினான் என்ன, காற்றை வெட்டினான். அப்போதும் எவரிஸ்தோவின் விசில் அங்கேதான் இருந்தது. அந்த மாதம் முடிந்ததும் வடக்கே கூட்டிப் போய்விட்டார்கள். அங்கே அவன் பெரிய ஆள் ஆனான்.

பிறகு ஏன் ஊரில் நடக்கிற குளிர்கால ஆட்டத்துக்கு வரவில்லை? முதல் சில வருடம் வடக்கத்தி முதலாளிகள் விடவில்லை. அதற்கப்புறம் முழங்கால். அதற்கப்புறம் முதுகு. அதற்கும் அப்புறம் வந்த காரணங்களை அவனே தயார் செய்தான். வெட்கத்தை விட்டுச் சொன்னால், பயம். முன்பின் தெரியாத நாற்பதாயிரம் பேர் கத்தினால் அது மழைச் சத்தம் மாதிரி, காதில் விழும், போய்விடும். தன்னை அரை டிரவுசரோடு பார்த்த எவரிஸ்தோ விசிலடித்தால் அது மூன்று நாள் தூக்கத்தைக் கெடுத்துவிடும்.

நாற்பது வயதில், அந்தக் கோடையில், வடக்கத்தி அணி அவன் முதுகில் தட்டிக்கொடுத்து வாசலைக் காட்டியது. அக்டோபரில் ஊருக்கு வந்தான். வானொலியில் மைக்கை நீட்டியதும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான்.

"நம்ம மைதானத்துல ஒண்ணே ஒண்ணு அடிச்சுட்டு மட்டைய ஆணியில மாட்டிடுவேன். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவ்வளவுதான். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அக்டோபர் போயிற்று. நவம்பரும் போயிற்று. வெளியூர் மைதானங்களில் ஒன்றிரண்டு அடித்தான். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

"விருந்தாளியா போற வீட்லயெல்லாம் வளைச்சுக்கட்டிச் சாப்பிடுறான்" என்றான் எவரிஸ்தோ, கடையில் ஒருவன் தாடையில் கத்தியை வைத்தபடி. "சொந்த வீட்டுக்கு வந்தா மட்டும் பசியில்லங்கிறான்."

மைதானத்தின் வலப்பக்கத்து மதிலுக்கு வெளியே அவனுடைய அக்கா நெரெய்தா யானிகேக்கே பொரித்து விற்றாள். மாவைத் தட்டு அளவுக்குப் பரப்பி, கொதிக்கிற எண்ணெயில் போட்டால் உப்பி, மொறுமொறுவென்று வரும். கடித்தால் உதடு சுடும். அதற்கென்றே ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் உண்டு. அம்மா தலைநகரில் வீட்டு வேலைக்குப் போய்விட்டதால் அன்செல்மோவை வளர்த்தது நெரெய்தாதான். அவள் கை பட்டுத்தான் அவன் முதுகு இவ்வளவு அகலமானது என்று அவளே சொல்வாள்.

பதினெட்டு வயதில் வடக்கே கிளம்பிய அன்று, பேருந்தின் ஜன்னலில் தலையை நீட்டி அவன் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"அக்கா, ஒரு நாள் அந்த மதிலுக்கு மேல ஒண்ணு அடிச்சு உன் எண்ணெய்ச் சட்டிக்குள்ளயே போடுறேன் பாரு."

"சட்டி கவுந்துச்சு, தோல உரிச்சுடுவேன்" என்றாள் அவள். அழுதுகொண்டேதான் சொன்னாள்.

அவள் அதுவரை பெரிய வாசலில் கடை போட்டிருந்தாள். அந்த வருடமே கடையை வலப்பக்கத்து மதிலுக்குப் பின்னால் மாற்றிவிட்டாள். அங்கே கூட்டம் குறைவு. டிக்கெட் வாங்க வசதியில்லாமல் சத்தத்தைக் கேட்டே ஆட்டத்தைத் தெரிந்துகொள்கிறவர்கள்தான் வருவார்கள். அன்செல்மோ பெரிய ஆள் ஆனதும் அவளுக்கு வீடு கட்டிக் கொடுத்தான். வீட்டை வாங்கிக்கொண்டாள், அடுப்பை அணைக்கவில்லை. பெரிய வாசலிலேயே ஒரு கடை வைத்துத் தருகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் தொலைபேசியில் கெஞ்சினான்.

"எனக்கு இந்த இடமே போதும். இங்க நல்ல நிழல் இருக்கு" என்பாள்.

இந்தக் குளிர்காலத்தில் ஊரிலேயே இருந்தும் அவன் அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. அவள்தான் தடை போட்டிருந்தாள்.

"முதல்ல பந்து வரட்டும். அப்புறம் நீ வா."

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. வடக்கே முதல் வருடத்தில் ஒரு ஹோம் ரன் அடித்துவிட்டு, மகளைக் கட்டிக்கொடுத்த தகப்பன் மாதிரி நின்று, பந்து போகிற அழகைப் பார்த்தான். எறிந்தவன் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள, அடுத்த முறை அவன் மட்டை பிடிக்க வந்தபோது பந்து நேராக அவன் காதுக்கு வந்தது. கீழே விழுந்து தப்பித்தான். அணியில் இருந்த ஒரு மூத்த ஆட்டக்காரர் அன்று சொல்லிக்கொடுத்தார்: இங்கே அடித்ததைப் பார்க்கக் கூடாது, அடித்தால் தலையைக் குனி, ஓடு. அன்றிலிருந்து அன்செல்மோ பந்து மட்டையில் பட்ட மறுகணம் தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, கோழி திருடியவன் மாதிரி ஓடுவான். நாலு தளத்தையும் தொட்டுவிட்டு வந்து உட்காரும் வரை தலை நிமிராது. வடக்கே அதைப் பெரிய பணிவு என்று புகழ்ந்து எழுதினார்கள். நானூற்றுச் சொச்சம் ஹோம் ரன் அடித்த மனிதன், அதற்குப் பிறகு ஒன்றுகூட மதிலைத் தாண்டுவதைத் தன் கண்ணால் பார்த்ததில்லை.

சான் பெட்ரோக்காரர்களுக்கு இது சுத்தமாகப் பிடிக்கவில்லை. அடித்தால் நிற்க வேண்டும், பார்க்க வேண்டும், மட்டையை வீச வேண்டும், பெண்கள் பக்கம் தொப்பியைத் தூக்க வேண்டும். இல்லாவிட்டால் எதற்கு அடிப்பது?

டிசம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை, பயிற்சி முடிந்ததும், மேலாளர் தோன் ரிகோ அவனைக் கூப்பிட்டார். பற்ற வைக்காத சுருட்டை வாயின் ஒரு ஓரத்திலிருந்து இன்னொரு ஓரத்துக்குத் தள்ளியபடி பேசுகிற மனிதர். சுற்றி வளைக்கத் தெரியாது.

"அன்செல்மோ, வெள்ளிக்கிழமை வடக்கேருந்து புதுப் பையன் ஒருத்தன் வர்றான். உன் இடத்துல அவன்தான் ஆடுவான்."

"தெரியும்ணே."

"நாளைக்குத் தலைநகர்க்காரனுங்களோட ஆட்டம். ஜெயிச்சாத்தான் ஜனவரியில நடக்குற கடைசிச் சுத்துக்கு நாம போவோம். நாளைக்கு உன்னைய இறக்குறேன். அதோட சரி. அடுத்த நாலு ஆட்டமும் வெளியூர்ல, பெஞ்சுல உக்காந்துக்கோ."

"என் மேல வருத்தமாண்ணே?"

"உன் மேல எனக்கென்னப்பா வருத்தம்? உன் முட்டி மேலதான் வருத்தம்" என்றார் தோன் ரிகோ. சிரிக்கவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். சோறு, அவரைக் குழம்பு, கோழி. பானையின் அடியில் பிடித்த காந்தலை அவள் சுரண்டி எடுத்து, மொத்தத்தையும் அவன் தட்டில் போட்டாள். அந்த வீட்டில் காந்தலுக்கு எப்போதும் சண்டை நடக்கும். அவள் விட்டுக்கொடுத்தால் ஏதோ பெரிய விஷயம்.

"யாரு சொன்னா உனக்கு?" என்று கேட்டான்.

"எவரிஸ்தோ. தோன் ரிகோ காலையில முடி வெட்டிக்கப் போனாராம். ஊருக்கே தெரியும், உனக்குத்தான் கடைசியா தெரியும்."

"நாளைக்கு ஒரு நாள்தான்கா."

"ஒரு நாள் போதாதா? ஒரு பந்துதானே கேட்டேன். நானூறா கேட்டேன்?"

அவன் காந்தலைக் கடித்தான். அது பல்லுக்குள் நொறுங்கியது.

"அடிக்கலன்னா?" என்றான்.

"அடிக்கலன்னா தட்டைக் கழுவி வை. இப்ப சாப்பிடு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் மைதானம் நிரம்பி வழிந்தது. தம்போரா மேளமும் தகரச் சுரண்டி வாத்தியமும் ஒரு பக்கம், ட்ரம்பெட் ஒரு பக்கம். கடற்காற்று வலப்பக்கத்து மதிலைத் தாண்டி உள்ளே அடித்தது. அந்தக் காற்றுத்தான் இத்தனை நாளும் அவன் எதிரி. இடக்கை ஆட்டக்காரனான அவன் அடிக்கிற பந்தெல்லாம் அந்தப் பக்கம்தான் போகும். போய், காற்றில் முட்டி, செத்து, எவனாவது ஒருவன் கைக்குள் விழும்.

முதல் முறை மட்டை பிடித்தபோது மூன்று பந்தையும் கோட்டைவிட்டான். எவரிஸ்தோவின் விசில் கீச்சிட்டது.

"யோவ் த்ராபிச்சே! கரும்பே இல்லாம மெஷின் ஓடுதேய்யா!"

இரண்டாவது முறை பந்து தரையோடு உருண்டு நேராக முதல் தளத்துக்காரன் கையில் போய் உட்கார்ந்தது. மூன்றாவது முறை தலைநகர்க்காரர்கள் அவனுக்கு அடிக்கிற மாதிரி ஒரு பந்தும் போடாமல், இலவசமாக முதல் தளத்துக்கு அனுப்பிவைத்தார்கள். நாற்பது வயதுக்காரனுக்கு இன்னும் பயப்படுகிறார்களே என்று அவனுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம். ஆனாலும் அது ஹோம் ரன் ஆகாது.

கடைசி இன்னிங்ஸ். ஊர் அணி ஒரு ரன் பின்தங்கியிருந்தது. ஒருவன் அவுட். இரண்டாம் தளத்தில் நின்றது ஓடவே பிடிக்காத குண்டு கேட்சர். முதல் தளத்தில் வில்கின் பனியாகுவா, இருபத்தோரு வயது, அணியிலேயே வேகமான கால். நிற்கச் சொன்னால் நிற்காதவன். அன்செல்மோ மட்டையோடு எழுந்தான். தோன் ரிகோ சுருட்டை வாயிலிருந்து எடுத்தார், திரும்ப வைத்துக்கொண்டார்.

கம்பி வலைக்குப் பின்னாலிருந்து எவரிஸ்தோவின் குரல். இந்த முறை விசில் இல்லை.

"டேய் அன்செல்மோ! அடி. அடிச்சுட்டு நின்னு பாருடா. நாங்களும் உன்னோட பாக்குறோம்."

அவன் குரல் உடைந்திருந்தது. இருபத்திரண்டு வருடமாகக் கேலி செய்தவன் குரல் அப்படி இருந்ததைக் கேட்டு அன்செல்மோ கம்பி வலைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். இவர்கள் யாரும் தன்னை வெறுக்கவில்லை, இவர்களும் இத்தனை வருடம் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள் என்று அவனுக்குப் புரிந்தது. புரிந்த நேரம் நல்ல நேரம் இல்லை. கண்ணில் நீர் கட்டினால் பந்து தெரியாது. கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

முதல் பந்தை விட்டான். இரண்டாவது பந்து முழங்கால் உயரத்தில், உள்ளே வந்தது. இடுப்பைத் திருப்பினான்.

சரியாகப் பட்ட பந்து கையில் தெரியாது. மட்டை காற்றை வெட்டின மாதிரியே இருக்கும், சத்தம் மட்டும்தான் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டது. மைதானமே எழுந்து நின்றது. பந்து தூரமாகப் போகவில்லை, உயரமாகப் போனது. வானத்தில் ஏறிக்கொண்டே இருந்தது.

அன்செல்மோ அதைப் பார்க்கவில்லை. மட்டையைப் போட்டான், தாடையை நெஞ்சில் புதைத்தான், ஓடினான். எவரிஸ்தோ சொன்னது மனதில் இருந்தது, கால் கேட்கவில்லை. இருபது வருடப் பழக்கம் ஒரு வார்த்தைக்கா நிற்கும்?

வில்கின் பார்த்தான். அவன் பார்த்ததுதான் தப்பாகப் போயிற்று. பந்து உச்சிக்குப் போய்க் கடற்காற்றில் முட்டித் தயங்கியது. வலப்பக்கத்துத் தடுப்பாளன் மதிலில் முதுகை ஒட்டி, கையுறையைத் தூக்கி, பிடிப்பதற்குத் தயாராக நின்றான். பிடித்துவிட்டால், பாதி தூரம் ஓடிய வில்கின் திரும்பி வந்து முதல் தளத்தைத் தொட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அவனும் அவுட். எனவே திரும்பினான். முதல் தளத்தைப் பார்த்து உயிரைக் கொடுத்து ஓடிவந்தான்.

எதிரே அன்செல்மோ. தலை குனிந்து, பூமியைப் பார்த்து, முதல் தளத்தைத் தொட்டுத் திரும்பி, இரண்டாம் தளத்தை நோக்கி. தளத்தின் அருகே நின்ற பயிற்சியாளர் கத்திய கத்தலை மேளம் விழுங்கிவிட்டது. இரண்டு பேரும் தோள் உரச ஒருவரை ஒருவர் தாண்டினார்கள்.

"அண்ணே!" என்று பின்னாலிருந்து அலறினான் வில்கின். "அண்ணே, நான் இங்க இருக்கேன்!"

பேஸ்பாலில் மன்னிக்காத சட்டம் ஒன்று உண்டு. முன்னால் ஓடுகிறவனைப் பின்னால் வருகிறவன் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டியவன் அவுட். பந்து மதிலைத் தாண்டினாலும் சரி, கடலையே தாண்டினாலும் சரி.

அன்செல்மோ நின்றான். தலையைத் தூக்கினான். முதலில் கண்ணில் பட்டது அம்பயரின் மடக்கிய கை. அவுட். அவனுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. அந்த அம்பயரைத் தவிர மைதானத்தில் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. எல்லா முகமும் வலப்பக்கம் திரும்பி, மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவுட் ஆனவனுக்கு ஓட ஒரு தளமும் இல்லை. செய்வதற்கு வேறு வேலையும் இல்லை. அவனும் அந்தப் பக்கம் திரும்பினான்.

பந்து இன்னும் மேலேதான் இருந்தது.

வெள்ளையாக, சின்னதாக, அவசரமே இல்லாமல் கீழே வந்துகொண்டிருந்தது. தன் மட்டையிலிருந்து போனதா இது என்று அவனுக்கே நம்ப முடியவில்லை. இவ்வளவு அழகாகவா இருக்கும்? இத்தனை வருடம் இதைப் பார்க்காமலா ஓடினோம்? தடுப்பாளன் துள்ளினான். கையுறைக்கு மேலே, மதிலுக்கு மேலே, பந்து அந்தப் பக்கம் இறங்கி மறைந்தது. தகரக் கூரையில் 'டங்' என்று ஒரு சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

வில்கின் முதல் தளத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"ஏன்டா நிக்கிறே? ஓடு!" என்று கத்தினான் அன்செல்மோ. "நான் செத்தாச்சு. நீ ஓடுடா!"

வில்கின் ஓடினான். குண்டு கேட்சரும் உருண்டு புரண்டு ஓடினான். இரண்டு பேரும் கடைசித் தளத்தைத் தொட, ஊர் அணி ஒரு ரன்னில் ஜெயித்தது. கூட்டம் வெடித்தது. பிறகு அம்பயரின் கை ஒவ்வொருவர் கண்ணிலும் பட்டு, விஷயம் வரிசை வரிசையாகப் பரவியது. ஜெயித்தாயிற்று, ஆனால் த்ராபிச்சேக்கு ஹோம் ரன் இல்லை. ஒரு தளத்து அடி என்றுதான் கணக்கில் ஏறும். பாதிப் பேர் அம்பயரின் குலத்தையே இழுத்துத் திட்டினார்கள். மீதிப் பேர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். நானூற்றுச் சொச்சத்தில் ஒருமுறைகூட நடக்காதது, நடக்கக் கூடாத இடத்தில் நடந்திருக்கிறதே!

அன்செல்மோ இரண்டு தளத்துக்கும் நடுவில் அசையாமல் நின்றான். இடுப்பில் கை, முகம் வலப்பக்கம். அதை முதலில் கவனித்தவன் எவரிஸ்தோதான்.

"நின்னு பாக்குறான்! ஏய், த்ராபிச்சே நின்னு பாக்குறான்!"

மேளக்காரர்கள் அந்த வார்த்தையைப் பிடித்துத் தாளத்தில் போட்டுவிட்டார்கள். நின்னு பாக்குறான், நின்னு பாக்குறான். அவன் தொப்பியைக் கழற்றி, பெண்கள் பக்கம் அல்ல, விசில்காரன் பக்கம் தூக்கிக் காட்டினான்.

வில்கின் அழுதுகொண்டே ஓடிவந்தான்.

"அண்ணே, என்னைக் கொன்னுடுங்கண்ணே. உங்க ஹோம் ரன்ன நான் தின்னுட்டேன்."

"தின்னா செரிச்சுடும், விடு" என்றான் அன்செல்மோ. "நீ திரும்புனது சரிதான்டா. குனிஞ்சு ஓடுனது நான்."

தோன் ரிகோ பெஞ்சிலிருந்து வந்தார். சுருட்டைப் பற்ற வைத்திருந்தார். மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை.

"வெள்ளிக்கிழமை பையன் வர்றான், அதுல மாத்தமில்ல."

"சரிண்ணே."

"ஆனா இந்தக் காத்துல அந்தப் பந்து போச்சு. எனக்குக் கண்ணு இருக்கு. வர்ற அக்டோபர்ல பயிற்சிக்கு வர்றதா இருந்தா வா. தலைய நிமித்தி ஓடுறதா இருந்தா மட்டும்." புகையை விட்டுவிட்டு, "அடிச்சுட்டு மட்டைய மாட்டுறேன்னுதானே சொன்னே? கணக்குல ஏறலையே. எப்படி மாட்டுவே?" என்றார்.

இந்தக் கோணத்தில் அவன் யோசிக்கவில்லை. மட்டையை மாட்டிய மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்வது என்று நினைத்து அக்டோபரிலிருந்தே அவனுக்கு உள்ளுக்குள் உதறல் இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. இப்போது அந்த உதறல் எங்கே போயிற்று என்று தேட வேண்டியிருந்தது.

சட்டையைக்கூட மாற்றாமல், பெரிய வாசல் வழியாக வெளியே வந்து, மதிலைச் சுற்றி நடந்தான். பந்து போய்விட்டது, இனி அவனும் போகலாம். வழியெல்லாம் முதுகில் தட்டினார்கள், அம்பயரைத் திட்டினார்கள், ஆறுதல் சொன்னார்கள். அவன் காதில் எதுவும் ஏறவில்லை.

வலப்பக்கத்து மதிலுக்குப் பின்னால் திரும்பியதும் கண் கூசியது.

வெட்டவெளி. ஒரு மரம் இல்லை, ஒரு செடி இல்லை. நாலு மணிக்கும் வெயில் மண்ணைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. மதிலின் நிழல் மைதானத்துக்குள்தான் விழுந்திருந்தது, இந்தப் பக்கம் ஒரு சாண்கூட இல்லை. நடுவில் நாலு கம்பும் ஒரு தகரமுமாக நெரெய்தாவின் கடை. தகரத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு பள்ளம். அதன் கீழே அடுப்புச் சூட்டில், முகமெல்லாம் வேர்த்து, அவள் ஒரு யானிகேக்கேயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். சுற்றி நின்ற கூட்டம் அவனைப் பார்த்ததும் வழிவிட்டது.

அவன் அந்த வெயிலையும் தகரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"நிழல் இருக்குன்னு சொன்னியேக்கா."

அவள் நிமிரவில்லை. "காலையில கொஞ்சம் விழும்."

"நீ மதியத்துக்கு மேலதானே கடை போடுவே?"

கரண்டி நின்றது.

"பந்து இந்தப் பக்கம்தானே வரும்" என்றாள்.

இருபத்திரண்டு வருடம். அவன் முழங்கால் வலி என்று சொன்ன வருடமும், முதுகு வலி என்று சொன்ன வருடமும், வெறுமனே பயந்த வருடமும், அவள் இந்தத் தகரத்துக்குக் கீழேதான் நின்றிருக்கிறாள். வராத பந்துக்காக வெயிலில் நின்றிருக்கிறாள். நாலு மாடிப் படமும் நானூறு ஹோம் ரன்னும் அவன் கண்ணில் ஒன்றுமில்லாமல் போயின. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்று, கைக்குழந்தை மாதிரி அழுதான். யாரும் விசிலடிக்கவில்லை.

நெரெய்தா இடுப்பில் கட்டியிருந்த துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த பெரிய பாத்திரத்தைக் காட்டினாள். பிசைந்து வைத்த மாவின் நடுவில், பாதி புதைந்து, பந்து உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா? கூரையில பட்டு மாவுல விழுந்திருக்கு. நீ சொன்னது எண்ணெய்ச் சட்டி. சட்டி அங்க இருக்கு. ஒரு முழம் தள்ளிப் போச்சு."

"அம்பயரும் ஒத்துக்கல, நீயும் ஒத்துக்கல" என்றான் அவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தபடி.

"நான் எதுக்கு ஒத்துக்கணும்? சொன்னா சொன்ன மாதிரி செய்யணும்." பந்தைப் பிடுங்கி, ஒட்டியிருந்த மாவை விரலால் வழித்துப் பாத்திரத்திலேயே போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "நின்னு பாத்தியா? மேளத்துல அப்படித்தான் கேட்டுச்சு."

"பாத்தேன்கா. கடைசி வரைக்கும் பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"மெதுவா வந்துச்சு" என்றான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

அவள் தலையை ஆட்டினாள். இந்தப் பக்கத்திலிருந்து அவளும் அதைத்தான் பார்த்திருந்தாள். பொரிந்த யானிகேக்கேயை எடுத்துக் காகிதத்தில் வைத்து அவனிடம் நீட்டினாள்.

"அக்டோபர்ல வர்றேன்கா. அந்த ஒரு முழத்தையும் சரி பண்ணிடுறேன்."

"வா. சட்டி இங்கதான் இருக்கும்."

அன்செல்மோ ஒரு காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு, வெயிலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். உதடு சுட்டது.